வேலை, வெளிநாடு பத்தி எழுதி இங்கிலீஷ் பழகறோம், மூணு லெட்டருக்கு மேல ஓடல, வழி சொல்லுங்க

கோத்தகிரி_கொழுந்து:

எல்லாருக்கும் வணக்கம். நான் கோத்தகிரி பக்கம் ஒரு பாட் லீஃப் ஃபேக்டரி, அதாவது வெளிய இருந்து பச்சை இலை வாங்கி டீத்தூள் ஆக்கற ஃபேக்டரி, அதோட ஆபீஸ்ல வேலை பாக்கறேன். சின்ன விவசாயிங்க கொண்டு வர்ற பச்சை இலைக்கு எடைச்சீட்டு என்ட்ரி போடறது, மாசக்கடைசியில பட்டுவாடா கணக்கு, குன்னூர் ஏலத்துக்குப் போற மூட்டை லிஸ்ட், இதான் என் வேலை. வெளிநாட்டுல மாஸ்டர்ஸ் படிக்கணும்னு ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன். போன தடவை அதுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஐஇஎல்டிஎஸ் எழுதினப்போ லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 6.5க்கு குறையல, ரைட்டிங் மட்டும் 5.5ல நின்னுடுச்சு. கோச்சிங் போன இடத்துல எஸ்ஸேக்கு ஒரு அச்சு கொடுத்து மனப்பாடம் பண்ணுங்க, தலைப்ப மட்டும் மாத்துங்கன்னு சொன்னாங்க, நானும் ராத்திரி பகலா உருப்போட்டேன், பரீட்சையில கேட்ட கேள்வி ஒண்ணு நான் எழுதினது ஒண்ணுன்னு ஆயிடுச்சு. கட்டின ஃபீஸ் எங்க வீட்டு ஒரு மாச இலைப்பணம், அத நெனச்சா இன்னும் வயிறு எரியுது.

இப்ப என்கூட காலேஜ்ல படிச்ச ஃப்ரெண்ட் ஒருத்தி துபாய்ல ஹோட்டல் ரிசப்ஷன்ல இருக்கா. ரெண்டு பேரும் சேர்ந்து வாரம் ஒரு மெயில் இங்கிலீஷ்ல எழுதிக்கறதுன்னு முடிவு பண்ணினோம், வேலை பத்தியும் வெளிநாட்டுப் பயணம் பத்தியும் மட்டும். மூணு லெட்டர் நல்லா போச்சு. நாலாவதுல இருந்து ஐ ஆம் ஃபைன், ஒர்க் இஸ் பிஸி, கிளைமேட் இஸ் கோல்ட், இதுக்கு மேல கை ஓடல. நான் பாஸ்போர்ட்டே போன வருஷம்தான் எடுத்தேன், வெளிநாட்டுப் பயணம் பத்தி எனக்கு எழுத என்ன இருக்கு? திருத்தவும் ஆள் இல்ல. என்ன எழுதறது, எப்படி சரி பாக்கறதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சிம்ஸ்பார்க்_வாத்தியார்:

அம்மா, நான் குன்னூர்ல ரிட்டயர்டான இங்கிலீஷ் வாத்தியார். உன் கேள்வியிலயே ஒரு வரி இருக்கு பாரு, "ரெண்டு வருஷமா முயற்சி பண்றேன்". தமிழ்ல இது அப்படியே சரி. முந்தி ஆரம்பிச்சு இன்னும் நடக்கற விஷயத்துக்கு நமக்கு நிகழ்காலமே போதும். அதனாலதான் நம்ம பசங்க "ஐ ஆம் ட்ரையிங் சின்ஸ் டூ இயர்ஸ்"னு எழுதறாங்க. இங்கிலீஷ்ல அது "ஐ ஹேவ் பீன் ட்ரையிங் ஃபார் டூ இயர்ஸ்". எத்தனை நாளான்னா ஃபார், எப்ப இருந்துன்னா சின்ஸ். வேலை பத்தி எழுதினா இந்த வாக்கியம் பத்து தடவையாவது வந்தே தீரும், அதனால இத முதல்ல சரி பண்ணிக்கோ.

அடுத்தது நம்ம எச்சம். "இலைய பறிச்சு, எடை போட்டு, வண்டியில ஏத்தி, ஃபேக்டரிக்கு அனுப்பினோம்"னு ஒரே மூச்சுல சொல்லி கடைசியில ஒரு வினைமுற்ற வெச்சா தமிழ்ல அழகா உக்காந்துக்கும். அதையே இங்கிலீஷ்ல எழுதும்போது ஆண்ட், ஆண்ட், ஆண்ட்னு ரயில் பெட்டி மாதிரி கோத்துடறோம். எங்க உனக்கு "சு", "டு", "த்தி" வருதோ அங்க முற்றுப்புள்ளி வெக்க முடியுமான்னு பாரு.

என்ன எழுதறதுன்னு கேட்டியே, நீ உக்காந்திருக்கற இடமே ஒரு பெரிய பாடம்மா. ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வு ரைட்டிங்ல முதல் கேள்வியா சில சமயம் ஒரு பொருள் எப்படி தயாராகுதுன்னு படம் போட்டுக் கேப்பாங்க. பச்சை இலை உள்ள வர்றது, தொட்டியில பரப்பி காத்து விட்டு வாட்டறது, சிடிசி ரோலர்ல நசுக்கிக் கிழிச்சு சுருட்டறது, பச்சை நிறம் செம்பு நிறமா மாற விடறது, டிரையர்ல காய வெக்கறது, சல்லடையில தரம் பிரிக்கறது, இத தினம் கண்ணால பாக்கறவ நீ. நாம "இலைய வாட்டறாங்க"ன்னு பேசுவோம், யாரு வாட்டறாங்கன்னு கேட்டா பதில் இருக்காது. இங்கிலீஷ்ல அந்த "றாங்க"வ அப்படியே "தே" (they)ன்னு போடக்கூடாது, "த லீஃப் இஸ் விதர்ட்"னு இலைய முன்னாடி கொண்டு வரணும். ஒரு நாளைக்கு ஒரு கட்டம்னு எழுது, ஒரு வாரத்துல மொத்த ஃபேக்டரியும் முடிஞ்சிடும்.

கூடலூர்_டு_யூகே:

தங்கச்சி, நான் கூடலூர், இப்ப இங்கிலாந்துல ஒரு ஆஸ்பத்திரியில நர்ஸ். நான் எழுதினது ஓஇடி, நர்ஸ், டாக்டர் மாதிரி ஆஸ்பத்திரி வேலைக்காரங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை. அதுல ரைட்டிங்னா ஒரே ஒரு லெட்டர்தான், பெரும்பாலும் ஒரு நோயாளிய இன்னொரு டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ ஒப்படைக்கற மாதிரி. கேஸ் நோட்ஸ் படிக்க 5 நிமிஷம், எழுத 40 நிமிஷம், 180ல இருந்து 200 வார்த்தை. முதல் தடவை நான் தவறினது கிராமர்ல இல்ல, நோட்ஸ்ல இருந்த எல்லாத்தையும் லெட்டர்ல கொட்டிட்டேன். படிக்கறவருக்கு எது வேணும், எது வேண்டாம்னு பிரிக்கத் தெரியல. இப்ப டியூட்டி முடிஞ்சு நோட்ஸ் எழுதும்போதும் அதே கேள்விதான், அடுத்த ஷிஃப்ட்ல வர்றவ இத மட்டும் படிச்சா அவளுக்குப் புரியுமா? நீயும் உன் ஃப்ரெண்டுக்கு அப்படி எழுதிப் பாரு. அவளுக்கு தேயிலை பத்தி ஒண்ணும் தெரியாது, உனக்கு செக்-இன் பத்தி ஒண்ணும் தெரியாது, அதுதான் உங்க ரெண்டு பேருக்கும் பெரிய வசதி. கொழுந்துன்னா என்ன, முத்தின இலைய ஏன் தள்ளறாங்கன்னு அவளுக்குப் புரியற வரைக்கும் நீ எழுதித்தான் ஆகணும்.

வெளிநாட்டுப் பயணம் பத்தி எழுத ஒண்ணும் இல்லன்னு சொன்னியே, அத நான் ஒத்துக்க மாட்டேன். எங்க வீட்ல முதல்ல கடல் தாண்டினது நான் இல்ல, எங்க தாத்தா. இலங்கைத் தோட்டத் தமிழர்கள்ல ஒரு பகுதிய இந்தியாவுக்கு அனுப்பறதுன்னு ரெண்டு நாடும் 1964ல போட்ட சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தால, கண்டியில பொறந்து வளர்ந்த மனுஷன் தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் அகதி கேம்ப்ல இருந்துட்டு, அப்புறம் அரசாங்க டீ எஸ்டேட்டான டான்டீ தோட்டத்துக்கு வந்து சேந்தாரு. தாயகம் திரும்பினவங்கன்னு பேரு, ஆனா அவருக்கு இதுதான் வெளிநாடு. கையில ஒரு தகரப்பெட்டி, அதுக்குள்ள பாட்டியோட ஒரே ஒரு நல்ல சேலை, அந்தப் பெட்டி இன்னும் எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருக்கு. அவர்கிட்ட கேட்டுக் கேட்டு அந்தக் கதைய இங்கிலீஷ்ல நாலு பக்கம் எழுதினேன். பாஸ்ட் டென்ஸ் எனக்குக் கையில வந்தது அதுலதான். இங்க வந்த புதுசுல வார்டு சிஸ்டர் ஒருத்தங்க உங்க ஊர் எதுன்னு கேட்டாங்க, அந்த நாலு பக்கத்துல இருந்துதான் எனக்கு வாய்ல வார்த்தை வந்துச்சு. உன் வீட்லயும் இல்ல பக்கத்து லைன்லயும் அப்படி ஒரு தாத்தாவோ பாட்டியோ நிச்சயம் இருப்பாங்க, போய் கேளு.

கப்பல்காரன்_ஊட்டி:

நான் ஊட்டி, க்ரூஸ் கப்பல்ல ரெஸ்டாரன்ட் சைடு, இப்ப லீவுல வந்திருக்கேன். வாத்தியார் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன் சார், எழுதும்போதே கிராமர் பாத்தா என்னை மாதிரி ஆளுக்கு கையே நகராது. நான் முதல் கான்ட்ராக்ட்ல தினம் டியூட்டி முடிஞ்சு கேபின்ல உக்காந்து பத்து வரி எழுதுவேன், தப்போ சரியோ நிறுத்தாம. மறுநாள்தான் சிவப்புப் பேனா. நோட்டுல இடது பக்கம் நான் எழுதினது, வலது பக்கம் சரியானது. ஒரு மாசம் கழிச்சு இடது பக்கத்த மட்டும் புரட்டினா திரும்பத் திரும்ப அஞ்சாறு தப்புதான் இருக்கும், எனக்கு "த" (the), "எ" (a) ரெண்டும்தான் பாதி. நம்ம மொழியில அது இல்லாததால காதுல விழறதே இல்ல.

திருத்த ஆள் இல்லன்னா, இப்ப போன்லயே ஏஐ திருத்திக் கொடுக்குது. ஆனா மொத்தமா மாத்தி எழுதச் சொல்லாதீங்க, தப்ப மட்டும் காட்டு, காரணம் சொல்லுன்னு கேளுங்க. அது எழுதினத காப்பி பண்ணினா கோச்சிங் சென்டர் அச்சுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல. லெட்டர் முடிவுல உங்க ஃப்ரெண்ட மூணு கேள்வி கேக்கச் சொல்லுங்க, அடுத்த லெட்டர் தன்னால ஆரம்பிச்சுக்கும். அப்புறம் ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்ல முதல் கேள்விக்கு குறைஞ்சது 150, ரெண்டாவதுக்கு 250 வார்த்தை, எல்லாம் சேர்த்து 60 நிமிஷம்தான், ரெண்டாவதுக்குத்தான் மார்க் டபுள். அதனால வாரத்துல ஒரு லெட்டராவது கடிகாரம் வெச்சு எழுதிடுங்க.

கோத்தகிரி_கொழுந்து:

சார், அக்கா, அண்ணா, மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. நேத்து சாயங்காலம் கரண்ட் போயிடுச்சு, வெளிய ஒரே மூடுபனி, எமர்ஜென்சி லைட்ல உக்காந்து அண்ணா சொன்ன மாதிரி நிறுத்தாம எழுதினேன். கொஞ்சம் மட்டும் இங்க போடறேன், தப்பு இருந்தா சொல்லுங்க சார்.

"யெஸ்டர்டே ஓல்ட் லேடி ஹேஸ் கம் டு ஃபேக்டரி வித் 38 கிலோஸ் ஆஃப் லீஃப். இட் வாஸ் ரெயினிங் ஆண்ட் த லீஃப் வாஸ் வெட் ஆண்ட் 4 கிலோஸ் வேர் டிடக்டட் ஃபார் வாட்டர். ஷி ஆஸ்க்ட் மீ, டிட் ஐ கால் த ரெயின்? ஐ டிட் நாட் ஹேவ் ஆன்சர்."

அந்தப் பாட்டி நெசமாவே "மழைய நானா கண்ணு கூப்பிட்டேன்"னுதான் கேட்டாங்க. சீட்டுல 34னு போட எனக்கு கையே வரல.

சிம்ஸ்பார்க்_வாத்தியார்:

நல்லா எழுதியிருக்கம்மா. யெஸ்டர்டேன்னு நாள் சொல்லிட்டா ஹேஸ் கம் வராது, கேம். பாட்டிய முதல் தடவை சொல்றதால ஆன் ஓல்ட் லேடி, ஃபேக்டரி உன் ஃப்ரெண்டுக்கு தெரிஞ்ச அந்த ஒரு ஃபேக்டரி, அதனால த ஃபேக்டரி. கடைசியில ஆன் ஆன்சர். ரெயினிங் பக்கத்துல முற்றுப்புள்ளி வெச்சா அந்த ரெண்டு ஆண்ட்ல ஒண்ணு தானா போயிடும். பாட்டி கேட்ட கேள்விய மட்டும் தொடாத, அது அப்படியே இருக்கட்டும்.

கூடலூர்_டு_யூகே:

அடுத்த லெட்டர்ல அந்தப் பாட்டி என்ன பண்ணினாங்கன்னும் எழுது தங்கச்சி. சீட்ட வாங்கிட்டு போனாங்களா, இல்ல அங்கயே நின்னாங்களா? உன் ஃப்ரெண்டும் இதத்தான் கேப்பா.