தப்பி வந்த விமானம் மறுபடி குண்டு போடத்தானே போகும்?

கணக்கு_டீச்சர்

ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு நிகழ்தகவு நடத்திக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு மணிக்கு அப்புறம் வருகிற பீரியட், பாதிப் பேருக்குக் கண் செருகுகிறது. சரி, கதை சொல்லலாம் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும் அந்த விமானப் படத்தைப் பலகையில் வரைந்தேன். இறக்கையிலும் வாலிலும் நிறையப் புள்ளிகள், எஞ்சின் பக்கம் ஒன்றுமே இல்லை. இரண்டாம் உலகப்போரில் திரும்பி வந்த விமானங்களில் குண்டு பட்ட இடங்கள் இவை, கூடுதல் தகடு எங்கே போடலாம் என்று கேட்டேன். எல்லாரும் இறக்கை என்றார்கள். எஞ்சினில் அடிபட்டவை திரும்பி வரவே இல்லை, அதனால்தான் அங்கே புள்ளி இல்லை என்று ஆபிரகாம் வால்ட் என்ற கணிதவியலாளர் கண்டுபிடித்ததைச் சொன்னதும் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போது கடைசி பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். எப்போதும் பேசாத பிள்ளை. "தப்பி வந்த விமானம் மறுபடி குண்டு போடத்தானே டீச்சர் போகும்? அப்போ இந்தக் கணக்கு எத்தனை பேரைக் காப்பாற்றியது, எத்தனை பேரைக் கொன்றது?" என்றாள்.

பதில் தெரியவில்லை, நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மூன்று நாள் ஆகிவிட்டது. கணிதத்துக்கும் போருக்கும் உள்ள உறவைப் படித்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அவளை ஏமாற்றாமல் என்ன சொல்லலாம்?

மலைக்காற்று

வணக்கம் டீச்சர். நான் கோத்தகிரிப் பக்கம், அதனால் வால்ட் பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர் இறந்தது எங்கள் மலையில். 1950 டிசம்பர் 13, இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுப் பயணமாக மனைவியோடு வந்திருந்தார், வந்த விமானம் நீலகிரியில் மோதி இருவரும் போய்விட்டார்கள். அவருக்கு வயது 48. இங்கே பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, எனக்கே கல்லூரியில் புள்ளியியல் படிக்கப் போய்த்தான் தெரிந்தது.

அந்தப் படத்தைப் பற்றி ஒன்று. அது பிற்காலத்தில் விளக்கத்துக்காக வரைந்தது. வால்ட் எழுதியவை முழுக்கச் சூத்திரங்களும் அட்டவணைகளும் நிறைந்த அறிக்கைகள், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் அமைத்த புள்ளியியல் ஆய்வுக் குழுவுக்காக 1943இல் எழுதினார். திரும்பி வந்தவற்றில் ஒரு குண்டு பட்டவை எத்தனை, இரண்டு பட்டவை எத்தனை, வராமலே போனவை மொத்தம் எத்தனை என்ற எண்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு குண்டு ஒரு விமானத்தை வீழ்த்தும் வாய்ப்பு என்ன, அது எந்தப் பாகத்தில் பட்டால் எவ்வளவு என்று மதிப்பிடும் வழியைக் காட்டினார். விழுந்த விமானத்தை யாரும் பார்க்க முடியாது, பார்க்காததையும் கணக்குக்குள் கொண்டுவந்தாரே, அதுதான் பெரிய விஷயம்.

உங்கள் மாணவியின் கேள்விக்கு வருகிறேன். வால்ட் யூதர். வியன்னாவில் படித்தார், அங்கே அவருக்குப் பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்துக்கொண்டதும் அமெரிக்காவுக்குப் போனார். பின்னால் தங்கிவிட்ட குடும்பத்தில் பெரும்பாலானோரை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அந்த விமானம் திரும்பி வரவேண்டும் என்று அவர் நினைத்ததை என்னால் குறை சொல்ல முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அதே குழுவில் இருந்தபோதுதான், வெடிமருந்தைச் சோதிக்க எத்தனை மாதிரி எடுத்தால் போதும் என்ற கேள்வியிலிருந்து தொடர் பகுப்பாய்வு என்ற முறையை வளர்த்தார். போர் முடியும்வரை அது ரகசியம். இன்றைக்கு ஒரு புது மருந்து பலிக்கிறதா என்று நோயாளிகளிடம் சோதிக்கும்போது, பாதியிலேயே தெளிவான முடிவு தெரிந்தால் சோதனையை நிறுத்திவிடுகிறார்களே, அந்த யோசனையின் வேர் இங்கேதான் இருக்கிறது.

எண்_பைத்தியம்

டீச்சர், வகுப்பில் செய்தே காட்டக்கூடிய ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மனி மாதத்துக்கு எத்தனை டாங்கி செய்கிறது என்று நேச நாடுகளுக்குத் தெரியவேண்டியிருந்தது. உளவுத் துறை மாதம் 1,000, 1,500 என்று பயமுறுத்தியது. புள்ளியியல்காரர்கள், பிடிபட்ட டாங்கிகளின் கியர்பாக்ஸ் போன்ற பாகங்களில் பொறித்திருந்த வரிசை எண்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

உதாரணத்துக்கு ஐந்து எண்கள் கிடைத்தன என்று வையுங்கள்: 14, 38, 52, 71, 95. 95 வரை நமக்குக் கிடைக்காத எண்கள் 90. அவை ஐந்து இடைவெளிகளில் கிடக்கின்றன, அதாவது சராசரியாக இடைவெளிக்கு 18. சரி, 95க்கு மேலேயும் அதே மாதிரி ஒரு இடைவெளி இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 95 + 18 = 113. அவ்வளவுதான் சூத்திரம்.

1942 ஆகஸ்டுக்கு உளவுத் துறை சொன்னது 1,550. புள்ளியியல் சொன்னது 327. போர் முடிந்து ஜெர்மன் ஆவணங்களைப் பிரித்துப் பார்த்தபோது இருந்தது 342! முதல்தடவை படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. துண்டுச் சீட்டில் எண் எழுதி ஒரு பையில் போட்டு, பிள்ளைகளை எடுக்கச் சொல்லுங்கள்.

கூட்டல்கழித்தல்

கணக்குக்கு ஏதுங்க பாவம் புண்ணியம், கத்தி மாதிரிதான், பழமும் நறுக்கலாம், ஆளையும் குத்தலாம். இதைப் போய் ஏன் குழப்பிக்கொள்ள வேண்டும்? பாடத்தை முடித்தோமா, பொதுத்தேர்வுக்குத் தயார் செய்தோமா என்று போகலாமே டீச்சர்.

பழைய_மாணவன்

மேலே எழுதிய நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. கணக்குப் போடுகிறவர் மனிதர். எந்தக் கேள்விக்குக் கணக்குப் போடுவது என்பதை அவரோ அவருக்கு மேலே இருப்பவரோ தேர்ந்தெடுக்கிறார். இதற்கு 1942இல் இங்கிலாந்தில் நடந்ததைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் லிண்டமன், செர்வெல் பிரபு என்பார்கள், அந்த மார்ச்சில் ஒரு குறிப்பு கொடுத்தார். ஜெர்மனியின் 58 பெரிய நகரங்கள்மேல் குண்டு போட்டால் அந்த நாட்டு மக்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினரை வீடில்லாமல் ஆக்கலாம், அதோடு அவர்கள் மனம் உடைந்துவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு குண்டுவீச்சு விமானம் ஆயுளில் எத்தனை தடவை பறக்கும், எத்தனை டன் போடும், டன்னுக்கு எத்தனை வீடு என்ற வெறும் பெருக்கல்தான். அரசுக்கு ஆலோசனை சொன்ன இன்னொரு விஞ்ஞானி டிசார்ட் அதைச் சரிபார்த்து ஐந்து மடங்கு அதிகம் என்றார். இயற்பியலாளர் பிளாக்கெட் தனியாகப் போட்டுப் பார்த்து ஆறு மடங்கு அதிகம் என்றார். யாரும் கேட்கவில்லை. போருக்குப் பிறகு ஆய்வு செய்தபோது பத்து மடங்கு அதிகம் என்று தெரிந்தது. அதற்குள் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எரிந்து முடிந்திருந்தது.

என்னை உறுத்துவது வேறொன்று. டிசார்டின் மறுப்பு எண்ணைப் பற்றியது. குடும்பங்கள் தூங்குகிற வீடுகளை இலக்காக வைக்கலாமா என்ற கேள்வியை எந்தப் பெருக்கலும் கேட்காது. உங்கள் வகுப்பில் அந்தப் பெண் அதைக் கேட்டிருக்கிறாள் டீச்சர். அவளைத் தட்டிக்கொடுங்கள்.

இன்னொரு பெயரும் சொல்கிறேன், லூயிஸ் ரிச்சர்ட்சன். போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப்போரில் துப்பாக்கி எடுக்க மறுத்து, பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில், வானிலையைச் சமன்பாடுகளால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைக்கு டிவியில் சொல்கிற மழை முன்னறிவிப்பெல்லாம் அந்த வழியில்தான் வருகிறது. 1920இல் வானிலை அலுவலகத்தை விமானப்படை அமைச்சகத்தின் கீழ் கொண்டுபோனார்கள், வேலையை விட்டுவிட்டார். அப்புறம் போரையே கணக்குக்குள் கொண்டுவந்தார். நில நடுக்கத்தை அளப்பது மாதிரி, இறந்தவர் எண்ணிக்கையின் மடக்கையை (log) வைத்து ஒவ்வொரு போருக்கும் ஓர் அளவு கொடுத்தார். ஆயிரம் பேர் இறந்தால் 3, பத்து லட்சம் என்றால் 6. ஆண்டுக்கு எத்தனை போர் மூள்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் அது பாய்சான் பரவலோடு பொருந்தியது, தற்செயலாக அபூர்வமாய் நடக்கிற சம்பவங்களின் எண்ணிக்கைக்கான கணக்கு அது, ப்ளஸ் டூவுக்குப் பிறகு கல்லூரியில் நடத்துவார்களே அதே பரவல். எல்லைக்கோட்டின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று தேடப் போய், ஒரே எல்லைக்கு இரண்டு நாடுகள் வேறு வேறு நீளம் சொல்வதைக் கண்டார். அளவுகோல் சிறிதாக ஆக நீளம் கூடிக்கொண்டே போகிறது என்று அவர் எழுதி வைத்ததிலிருந்துதான் பின்னால் ஃபிராக்டல் வடிவங்களை ஆராய்ந்த கணிதவியலாளர் மாண்டல்பிராட் தொடங்கினார்.

மலைக்காற்று

ரிச்சர்ட்சனைச் சொன்னது நல்லது. கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், நம் ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்த 1914–19 காலம் போர்க்காலம்தான். ஹார்டியோடு சேர்ந்து வேலை செய்த லிட்டில்வுட் பீரங்கிப் படைக்காகக் குண்டு பாயும் பாதையைக் கணக்கிடப் போய்விட்டார், ஹார்டி போரை வெறுத்தவர். பகா எண்களையெல்லாம் ஆராயும் எண் கோட்பாட்டுக்குப் போரில் எந்தப் பயனும் இல்லை என்று 1940இல் நிம்மதியாக எழுதினார். 1977இல் பகா எண்களை வைத்துச் சங்கேத முறை வெளியானது, பிரிட்டன் உளவுத் துறைக்குள் அதை 1973லேயே கண்டுபிடித்து மறைத்து வைத்திருந்தார்கள். உங்கள் போனில் பணம் அனுப்பும்போதும் பகா எண்கள் வேலை செய்கின்றன, ராணுவச் செய்தியிலும் வேலை செய்கின்றன.

கணக்கு_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. இன்று போய் அவளிடம் முதலில் உண்மையைச் சொன்னேன், நீ கேட்ட இரண்டு எண்ணிக்கையும் யாரிடமும் இல்லை என்று. அப்புறம் வால்ட் குடும்பத்தைப் பற்றியும், 58 நகரங்களைப் பற்றியும், வேலையை விட்டுப்போன ரிச்சர்ட்சனைப் பற்றியும் சொன்னேன். பாய்சான் என்றால் என்ன டீச்சர் என்று கேட்டாள். பாடத்தில் இல்லை, சனிக்கிழமை வா, சொல்லித் தருகிறேன் என்றிருக்கிறேன். நான்கைந்து பேர் கூட வருகிறார்களாம். சீட்டும் பையும் தயார்.