உயிர்த்தெழுதலை நம்புகிறோம் சரி, திங்கட்கிழமை அதனால் என்ன மாறுகிறது?

ரப்பர்காட்டான் (குலசேகரம் பக்கம்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். போன வாரம் எங்கள் சபையில் ஒரு அடக்கம். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பி வரும்போது பக்கத்து வீட்டு அண்ணன் கூட நடந்தார். இந்து, ரொம்ப நல்ல மனிதர். "தம்பி, ஐயர் (எங்கள் போதகரைச் சொல்கிறார்) திரும்பத் திரும்ப இவர் எழும்புவார்னு சொன்னாரே, அதை நீங்க உள்ளதாவே நம்புறீங்களா? நம்பினா பிறவு ஏன் எங்களப் போலத்தான் அழறீங்க, எங்களப் போலத்தான் பயப்படுறீங்க, சொத்துக்கும் எங்களப் போலத்தான் அடிச்சிக்கிறீங்க?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எனக்கு சட்டென்று பதில் வரவில்லை. வாரா வாரம் "சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்" என்று விசுவாசப் பிரமாணம் சொல்கிறேன், ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து அதிகாலை ஆராதனைக்கும் போகிறேன். ஆனால் மறுநாள் காலையில் ரப்பர் பால் வெட்டப் போகும்போதும், பிள்ளைகளின் ஃபீஸுக்கு ஓடும்போதும் அந்த நம்பிக்கை எங்கே இருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறேன்.

கல்லறை காலியாக இருந்ததற்கு ஆதாரம் என்ன என்ற வாதம் வேண்டாம், அதற்கு வேறு இடம் இருக்கிறது. "செத்த பிறகு பரலோகம் போவோம்" என்பதும் எனக்குத் தெரியும். அதற்கு மேல், உங்கள் அன்றாட வாழ்க்கையில் இது ஏதாவது செய்கிறதா? உள்ளதைச் சொல்லுங்கள்.

கடப்புறத்தான் (தூத்தூர் பக்கம்)

தம்பி, நாங்கள் கத்தோலிக்கர், கடலுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியை 2017 நவம்பர் 30க்குப் பிறகு கேட்காத வீடு கிடையாது. அன்றுதான் ஒக்கி புயல் அடித்தது. வள்ளவிளை, சின்னத்துறை, பூத்துறை, நீரோடி என்று எல்லா ஊரிலிருந்தும் தங்குகடலுக்குப் போன ஆட்கள், தூண்டில் போட்டு சுறா பிடிக்கிறவர்கள், நாள்கணக்கில் கரை காணாதவர்கள். புயல் வருகிறது என்று கரையில் சொன்னபோது அவர்கள் சத்தம் எட்டாத தூரத்தில் இருந்தார்கள். நிறையப் பேரின் உடல் கிடைக்கவே இல்லை. காணாமல் போனவரை இறந்தவராக எடுத்துக்கொள்ள சட்டப்படி 7 வருடம் ஆக வேண்டும், அந்தச் சமயம் அதில் தளர்வு கொடுத்தார்கள், சரி, காகிதம் கிடைத்தது. ஆனால் புதைக்க ஒன்றும் இல்லாத வீட்டுக்கு என்ன ஆறுதல் சொல்வீர்கள்?

பைபிளின் கடைசிப் புத்தகம் திருவெளிப்பாட்டில் 20ஆம் அதிகாரத்தில், கடல் தன்னிடம் உள்ள இறந்தோரை ஒப்படைக்கும் என்று ஒரு வசனம் இருக்கிறது. உள்நாட்டில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வரி, வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். எங்களுக்கு அப்படி இல்லை. (அடுத்த அதிகாரத்திலேயே "கடலும் இல்லாமல் போயிற்று" என்று வரும். அதைக் கேட்டால் எங்கள் ஆட்கள், அப்போ நாங்க எங்க போய்ப் பிழைக்கிறது சாமி என்பார்கள். அது வேறு கதை.)

அன்றாடம் என்ன மாறுகிறது என்று கேட்டீர்கள். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். வானம் கறுத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்கும். ஆனால் என்னோடு ஒரே வள்ளத்தில் தொழில் பழகிய ஒருவன் அந்தப் புயலில் போனான், அவனுக்குப் பிள்ளைகள் உண்டு. அவன் கதை முடிந்தது என்று நான் நினைத்திருந்தால் கொஞ்ச நாள் பரிதாபப்பட்டுவிட்டு விட்டிருப்பேன், ஊர் உலகத்தில் நடப்பதுதானே. அப்படி விட முடியவில்லை, ஏனென்றால் ஒருநாள் நான் அவன் முகத்தில் முழிக்க வேண்டும். "என் பிள்ளைகளைப் பார்த்தியாடே?" என்று அவன் கேட்பான். இதை நான் உவமையாகச் சொல்லவில்லை. கேட்பான் என்றே நம்புகிறேன். அந்த வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கிற மாதம் என்ன தேவை, யாருக்குக் காய்ச்சல் என்பது எனக்குத் தெரிந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

இன்னொன்று. உயிர்த்த ஆண்டவரைப் பார்த்த பிறகும் பேதுரு "மீன் பிடிக்கப் போறேன்" என்றுதான் கிளம்பினார், யோவான் 21. ராத்திரி முழுக்க ஒன்றும் கிடைக்கவில்லை. விடியற்காலையில் கரையில் ஆண்டவர் கனல் போட்டு, மீன் சுட்டு, வந்து சாப்பிடுங்கள் என்கிறார். முன்பு பேதுரு அவரைத் தெரியாது என்று மறுதலித்ததைப் பற்றிய பேச்சு சாப்பாட்டுக்குப் பிறகுதான். 153 மீன் என்று எண்ணிக்கையும் எழுதி வைத்திருக்கிறார்கள், எண்ணாமல் எந்த மீன்பிடிக்காரன் விடுவான்! எங்களை மாதிரி ஆட்களின் தொழிலுக்கும் பசிக்கும் அங்கே இடம் இருக்கிறது, எனக்கு அது போதும்.

நைட்டூட்டி சிஸ்டர் (நாகர்கோவில்)

தம்பி, நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அதனால் என் பதில் கொஞ்சம் அழுக்கான விஷயம், சாப்பிடும்போது வாசிக்காதீர்கள்.

சாவு வீட்டில் நம் ஆட்களே சொல்வதைக் கேட்டிருப்பீர்கள், "உடம்பு வெறும் கூடுதானே, ஆத்துமா போயாச்சு." நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நாம் விசுவாசிப்பது அது இல்லையே. ஆத்துமா மட்டும் போதும் என்றால் கல்லறை காலியாக இருந்திருக்க வேண்டியதே இல்லை. சரீரத்தைத்தான் தேவன் எழுப்பினார், ஆணிக் காயத்தோடு, சந்தேகப்பட்ட சீடர் தோமா தொட்டுப் பார்க்கிற மாதிரி.

பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் கிடக்கிற ஒரு பாட்டாவைத் திருப்பிப் படுக்க வைப்பது 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை செய்ய வேண்டிய வேலை. செய்யாவிட்டால் இடுப்பெலும்பு மேலே முதலில் சிவக்கும், அப்புறம் தோல் உரியும், அப்புறம் குழி விழும், அந்த நாற்றம் வந்தால் சொந்தப் பிள்ளைகளே வாசல்படியில் நின்றுதான் நலம் விசாரிப்பார்கள். அவருக்கு நினைவு இல்லை, நன்றி சொல்லப் போவதில்லை, குணமாகப் போவதும் இல்லை. ராத்திரி 3 மணிக்கு, பார்க்க யாரும் இல்லாதபோது, திருப்பினேன் என்று ரெக்கார்டில் எழுதிவிட்டு உட்கார்ந்தால் யாருக்குத் தெரியும்? இந்த உடம்பு குப்பைக்குப் போகிற கூடு என்று நான் நினைத்தால் உட்கார்ந்துவிடுவேன். தேவன் இதைத் திரும்பக் கேட்பார் என்று நினைப்பதால் எழுந்து போகிறேன். எல்லா ராத்திரியும் அவ்வளவு பக்தியோடு என்று சொல்லமாட்டேன், சில ராத்திரி முணுமுணுத்துக்கொண்டுதான்.

அழுகிறதைப் பற்றி உங்கள் அண்ணனுக்கு ஒரு பதில்: செத்துப்போன லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தும் இயேசு கல்லறைக்குப் போகிற வழியில் கண்ணீர் விட்டார். அப்போஸ்தலன் பவுலும் தெசலோனிக்கேயருக்கு நம்பிக்கையற்றவர்களைப் போல துக்கப்படாதீர்கள் என்றுதான் எழுதினார், துக்கமே கூடாது என்று எழுதவில்லை.

கேட்டா_கோபிக்கக்கூடாது

சிஸ்டர், அண்ணாச்சி, ரெண்டு பேர் சொன்னதும் மனதைத் தொட்டது. ஆனால் என் இந்து நண்பன் தன் அம்மாவை இப்படித்தான் வருடக்கணக்கில் திருப்பிப் படுக்க வைத்தான், அவனுக்கு உயிர்த்தெழுதல் கோட்பாடு ஒன்றும் தேவைப்படவில்லை.

அதோடு ரப்பர்காட்டான் கேட்டதில் கடைசிப் பகுதியை எல்லோரும் நைசாகத் தாண்டிவிட்டீர்கள். சொத்துச் சண்டை! சபைத் தேர்தல் வந்தால் நம் மாவட்டத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்ல வேண்டுமா? அடக்கத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாட்டுப் பாடிய அண்ணனும் தம்பியும் 16ஆம் நாள் அடியந்திரச் சடங்கு முடிவதற்குள் எல்லைக்கல்லைப் பிடுங்குகிறார்கள். திரும்ப எழும்பப் போகிறவர்களுக்கு கிரானைட் கல்லறை எதற்கு, அதுவும் பக்கத்துக் கல்லறையை விட ஒரு முழம் உயரமாக?

பழைய_சபைக்காரன் (மார்த்தாண்டம்)

மக்கா, உன் நண்பன் செய்தது நல்ல காரியம். அதை நமக்கு மட்டும் பட்டா போட்டுக்கொள்ள முடியாது, அந்த விஷயத்தில் உன் பக்கம்தான் நான்.

சண்டை விஷயத்துக்கு வருகிறேன். உயிர்த்தெழுதலைப் பற்றிய பெரிய அதிகாரம் 1 கொரிந்தியர் 15. அதைப் பவுல் யாருக்கு எழுதினார் என்று பார். 6ஆம் அதிகாரத்தில் அதே ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் கோர்ட்டில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். 11இல் வசதிக்காரன் வயிறு முட்டச் சாப்பிட்டுக் குடித்திருக்கிறான், இல்லாதவன் பசியோடு உட்கார்ந்திருக்கிறான், அதுவும் கர்த்தருடைய பந்தியில். நம் கமிட்டிக்காரர்கள் தோற்றார்கள்! "ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக் கூடாது?" என்று 6இல் கேட்ட பவுல், அதே அதிகாரத்தில் தேவன் நம்மையும் எழுப்புவார் என்கிறார். அதாவது 10 சென்ட் போனால் என் ஆயுசே போச்சு என்று நினைப்பவனுக்கு, உன் ஆயுசு அந்த 10 சென்ட்டில் இல்லை என்கிறார். இதை நம்புகிறவன் சில சமயம் கல்லை விட்டுக்கொடுக்க முடியும். முடியும் என்றுதான் சொல்கிறேன், செய்கிறோம் என்று சொல்லவில்லை. உங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி.

அந்த 15ஆம் அதிகாரம் முடிகிற இடமும் பரலோகத்தில் முடியவில்லை, நீங்கள் படுகிற பாடு வீண் போகாது, வேலையைச் செய்யுங்கள் என்றே முடிகிறது. நம் ஊரில் அதற்குச் சாட்சி வேண்டுமென்றால் நெய்யூருக்குப் போய்ப் பார்க்கலாம். 1838இல் மிஷன் வைத்தியம் தொடங்கிய இடம். 1922இல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த சோமர்வெல் டாக்டர், இறங்கி நம் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூரில் ஒரே டாக்டரின் முன்னால் நிற்கிற கூட்டத்தைப் பார்த்தார். லண்டனில் நல்ல வேலை காத்திருந்தும் இங்கேயே வந்துவிட்டார், பல பத்து வருடம் அறுவை சிகிச்சை செய்தார். அப்புறம் கிரானைட் கல்லறை பற்றி நீ சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை, எனக்கும் எரிச்சல்தான்.

ரப்பர்காட்டான்

எல்லோருக்கும் நன்றி. கடப்புறத்து அண்ணே, "முகத்தில் முழிக்க வேண்டும்" என்றது மனதில் நின்றுவிட்டது. என் அப்பா தன் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க ஆசைப்படுகிறார். அம்மாவோ, முழுசாப் புதைக்காவிட்டால் கடைசி நாளில் எப்படி எழும்புவது என்று அழுகிறாள். இதற்கு யாராவது பதில் சொல்ல முடியுமா?

பழைய_சபைக்காரன்

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். கி.பி. 177இல் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள், இவர்கள் எழும்பவே கூடாது என்று உடல்களை எரித்துச் சாம்பலை ரோன் ஆற்றில் கரைத்தார்கள். அந்த இரத்தசாட்சிகள் எழும்பமாட்டார்கள் என்று எந்தத் திருச்சபையும் சொன்னதில்லை. கத்தோலிக்கர்களுக்கும் 1963 முதல் தகனத்துக்கு அனுமதி உண்டு, புதைப்பது நல்லது என்கிறார்கள், சாம்பலைத் தூவவோ வீட்டில் வைக்கவோ கூடாது என்று 2016இல் மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறையில் விசாரியுங்கள். ஆனால் முதலில் வீட்டில் பேசி முடியுங்கள். அப்பா எழுதிக் கொடுத்தாலும் அன்றைக்கு போன் செய்து உடலை ஒப்படைக்க வேண்டியது அம்மாவும் நீங்களும்தான், அம்மா மனம் ஒப்பாமல் அதைச் செய்ய வைக்காதீர்கள்.