புதுப்பிப்பு: சாண்டா ஃபே பிளாசாவில் அசல் நகை எங்கே வாங்கலாம்?

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாண்டா ஃபே ஊரின் மையச் சதுக்கமான பிளாசாவில் வெள்ளி, டர்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்) நகைகளை எங்கே நம்பி வாங்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

'கடைகளுக்கு முன் கவர்னர் மாளிகைத் தாழ்வாரத்தைப் பாருங்கள்' என்ற யோசனைதான் கைகொடுத்தது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த மண்கட்டிடத்தின் முன்னால் பூர்வகுடிக் கலைஞர்கள் துணி விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். அனுமதி பெற்றவர்கள் தாங்களோ வீட்டாரோ செய்ததை மட்டுமே விற்கலாம் என்பது விதி. நகையில் செய்தவரின் முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அவர்களிடமே வேலைப்பாட்டைப் பற்றிக் கேட்டு வாங்கும் அனுபவம், என்னைக் கேட்டால், எந்தக் கடையிலும் கிடைக்காது.

எதிர்பாராதது உயரம். ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டரில் இருப்பதால் ஓவியக் கூடங்கள் நிறைந்த கேன்யன் சாலையில் ஏறும்போது மூச்சு வாங்கியது. அங்கே பல கூடங்கள் மாலை 5 மணிக்கே மூடிவிடும். அதனால் காலையில் தாழ்வாரம், அப்புறம் கேன்யன் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள்.