புதுப்பிப்பு: அக்காவின் கணுக்கால் பிரேஸ், 6 வாரங்களுக்குப் பிறகு

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸால் (மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய்) அக்காவின் வலது பாதம் தொங்கிப்போய், நிலைப்படியில் விரல் தட்டித் தட்டி விழுகிறார், பிரேஸ் (கணுக்காலையும் பாதத்தையும் தாங்கும் பிளாஸ்டிக் சாதனம்) உதவுமா என்று கேட்டிருந்தேன். உதவுகிறது! பாதம் தொங்காமல் தாங்குவதால், இடுப்பைத் தூக்கிக் காலை வீசி நடப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது.

முதல் வாரம்தான் பெரும்பாடு. கணுக்கால் எலும்பின்மேல் சிவந்த தடம், கழற்றி அரை மணி நேரமாகியும் மறையவில்லை. அக்காவுக்கு அங்கே உணர்ச்சி குறைவு, வலியே தெரியவில்லை. பயந்துபோனேன். பிரேஸைச் செய்துகொடுத்தவர் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி அந்த இடத்தை மட்டும் சற்றே வெளியே தள்ளிக் கொடுத்தார். தினமும் கழற்றியதும் தோலைப் பாருங்கள்.

பிரேஸோடு காலணிக்குள் கால் நுழைய, அது ஓர் அளவு பெரிதாக வேண்டும், உள்ளே பருத்திக் காலுறை. வெறுங்கால் பழக்கமுள்ள வீட்டில் உள்ளே நடக்கவென்றே தனி ஜோடி வாங்கினோம். வெயிலில் கால் தளர்வது மட்டும் மாறவில்லை. அதனால் காலையிலேயே நடக்கிறார். நேற்று தெருமுனைக் கடைவரை போய்க் கருவேப்பிலை வாங்கிவந்தார்.