புதுப்பிப்பு: ஹெட்லெஸ் குரோமில் வெப்ஆர்டிசி ஆடியோ லோடு டெஸ்ட், டேப் கிராஷ் தீர்ந்தது

வெப்ஆர்டிசி (பிரவுசரிலேயே நேரடியாகக் கால் பேச உதவும் தொழில்நுட்பம்) சர்வர் எத்தனை பேரைத் தாங்கும் என்று சோதிக்க, டாக்கருக்குள் (புரோகிராம்களைத் தனிப் பெட்டிபோலப் பிரித்து ஓட்டும் கருவி) நிறைய ஹெட்லெஸ் குரோம் (ஜன்னல் காட்டாமல் ஓடும் குரோம்) திறந்து ஒரே ஆடியோ காலில் சேர்த்தால் டேப்கள் செத்துவிடுகின்றன, குரலும் உடைகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கிராஷுக்குக் காரணம் ஷேர்டு மெமரிதான் (குரோமின் புராசஸ்கள் தங்களுக்குள் பகிரும் நினைவகம்), சொன்னவர் சரியாகப் பிடித்தார். டாக்கர் அதற்கு 64 எம்பிதான் தருகிறது, 1 ஜிபி ஆக்கியதும் ஒரு டேப்கூட விழவில்லை. குரோமின் போலி மைக் வெறும் பீப் அடிக்கும் என்பதால், இன்னொருவர் சொன்னபடி 'யூஸ்-ஃபைல்-ஃபார்-ஃபேக்-ஆடியோ-கேப்சர்' என்ற குரோம் ஆப்ஷனைப் போட்டு ஒரு பேச்சு வேவ் ஃபைலைக் கொடுத்தேன், கேட்காமலே அதுவே லூப் ஆகிறது.

எதிர்பாராதது குரல் உடைந்த விஷயம். சர்வர் சிபியு சும்மாதான் இருந்தது, திணறியது பிரவுசர்கள் ஓடிய மெஷின். 10 பேர் அறையில் எஸ்எஃப்யூ (ஒவ்வொருவர் குரலையும் ஒன்றாகக் கலக்காமல் தனித்தனியாக மற்றவர்களுக்கு அனுப்பும் சர்வர்) வழியாக ஒவ்வொரு பிரவுசரும் 9 ஸ்ட்ரீம்களை டிகோடு செய்ய வேண்டும், அப்புறம் எந்த மெஷின் தாங்கும்? பிரவுசர்களைப் பல மெஷின்களுக்குப் பிரித்ததும் சரியாகிவிட்டது. இப்போது தர அளவீட்டுக்கென்றே தனி மெஷினில் ஒரு பிரவுசர் வைத்து, கெட்ஸ்டாட்ஸில் (வெப்ஆர்டிசி தரும் கால் புள்ளிவிவரம்) 'கன்சீல்டு சாம்பிள்ஸ்', அதாவது வராத ஆடியோவுக்குப் பதில் பிரவுசரே இட்டு நிரப்பிய துண்டுகள், எவ்வளவு ஏறுகிறது என்று அதில் மட்டும் பார்க்கிறேன். மற்றதெல்லாம் கூட்டம் சேர்க்க மட்டும்தான், அவற்றின் எண்களை நம்ப வேண்டாம்.