படம் இருட்டு, வசனம் கேக்கல: குத்தம் படத்துலயா, தியேட்டர்லயா?

மேட்னி ரசிகன்:
ஒரே படத்துக்கு ஒருத்தர் "கேமரா அபாரம்" என்கிறார். அடுத்தவர் "இருட்டுல யார் யாரை வெட்டுறாங்கன்னே தெரியல" என்கிறார். ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை, உட்கார்ந்த தியேட்டர் வேறு. எது இயக்குநர் கணக்கு, எது கேபின் (புரொஜெக்டர் அறை) கணக்கு என்று பிரித்துச் சொன்னால் புதுப்படச் சண்டையில் பாதி குறையும்.

வெளிச்சத்தில் இருந்து தொடங்கலாம். 2டி படத்துக்குத் திரையின் நடுவில், வெள்ளைக்கு, 14 ஃபுட்லாம்பர்ட் (திரை வெளிச்சத்தின் அளவு) இருக்க வேண்டும் என்பது தரம். இன்னோர் அலகில் சொன்னால் 48 நிட்ஸ். கலரிஸ்ட் அந்த அளவில் உட்கார்ந்துதான் கிரேடிங், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் வேலையை, முடிக்கிறார். புரொஜெக்டருக்குள் எரியும் செனான் விளக்கோ மணிக்கணக்கு ஏற ஏற மங்கிக்கொண்டே போகும். விளக்கு விலைக்குப் பயந்து கரண்ட்டைக் குறைத்து ஓட்டுவதும் உண்டு. வெயில் காட்சியில் இது உறைக்காது. ராத்திரி, காடு, குகை என்று வந்தால் கறுப்புச் சட்டையும் கறுப்புச் சுவரும் ஒன்றாகிவிடும்.

இதைப் பிடிக்க நம் ஊர்ப் படத்தில் ஒரு வசதி இருக்கிறது. யாராவது பீடியைப் பற்ற வைத்ததும் கீழே ஓர் எச்சரிக்கை வாசகம் வருமே, அதில் இருக்கும் வெள்ளையைப் பாருங்கள். அது பளிச்சென்று இருந்து காட்சி மட்டும் இருட்டு என்றால் ஒளிப்பதிவாளர் தெரிந்தே எடுத்த முடிவு, தாராளமாகத் திட்டலாம். அந்த வெள்ளையே பழைய வேட்டி நிறத்தில் இருந்தால் விளக்கு போய்க்கொண்டிருக்கிறது, இல்லை கேபின் கண்ணாடியைத் துடைத்து நாளாகிவிட்டது. லேசர் புரொஜெக்டரில் இந்தத் தொல்லை குறைவு.

கேபின் ஜன்னல்:
அண்ணே, வெள்ளி நிறத் திரையை விட்டுட்டீங்க. போலரைஸ்டு கண்ணாடி போட்டுப் பார்க்கிற 3டிக்கு சில்வர் ஸ்கிரீன் கட்டாயம். அதே திரையில் மற்ற நாள் 2டி ஓட்டும்போது நடுவில் பளபளக்கும், ஓரம் செத்துப்போகும். இடது கோடி சீட்டில் இருப்பவருக்குத் திரையின் வலது பக்கம் மங்கலாகவே தெரியும். 3டி ஃபில்டரை லென்ஸ் முன்னாலிருந்து எடுக்காமல் 2டி ஓட்டினால் இன்னும் மோசம். 3டியிலேயே கண்ணாடி வழியாக 4.5 ஃபுட்லாம்பர்ட் கிடைத்தால் போதும் என்பதுதான் நடைமுறை, மூன்றில் ஒரு பங்கு! அதைப் பார்த்துவிட்டு "கலர் செத்துப்போச்சு" என்று ஒளிப்பதிவாளரைப் பிடிப்பது நியாயமில்லை.

இன்னொன்று, தலை வெட்டு. தியேட்டருக்கு வரும் 2கே ஃபைலில் ஸ்கோப் (அகலம் கூடிய) படம் 2048×858 புள்ளி, ஃபிளாட் (உயரம் கூடிய) படம் 1998×1080. விளம்பரம் ஒரு வடிவம், படம் வேறு வடிவமாக இருந்தால் பிளேலிஸ்ட்டில் நடுவில் ஒரு கியூ (தானாக ஓடும் கட்டளை) போட்டு லென்ஸை மாற்றச் சொல்ல வேண்டும். அது விடுபட்டால் ஃபிளாட் படம் ஸ்கோப் அமைப்பில் ஓடி, மேலே தலையும் கீழே சப்டைட்டிலும் போய்விடும். மேட்னி அண்ணன் சொன்ன எச்சரிக்கை வாசகம் பாதி வெட்டுப்பட்டுத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். தலைகீழாக நடந்தால் ஸ்கோப் படம் சின்னதாகி மேலும் கீழும் கறுப்புப் பட்டை நிற்கும். ரெண்டுமே கேபினில் ஒரு பட்டன் வேலை. முதல் 5 நிமிடத்தில் எழுந்து போய்ச் சொன்னால் உண்டு. இடைவேளை வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு அப்புறம் "ஃப்ரேமிங் சரியில்லை" என்று எழுதினால் யாருக்கு என்ன லாபம்?

சவுண்டு பார்ட்டி:
படத்தை விட அதிகம் பலியாவது சத்தம்தான். 2024 நவம்பரில் கங்குவா வந்தபோது "ஒரே இரைச்சல்" என்று எல்லாப் பக்கமும் பேச்சு. ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டியே அதைப் பற்றிப் பொதுவில் வருத்தப்பட்டு எழுதினார். வால்யூமை 2 பாயிண்ட் குறைக்கச் சொல்லியிருப்பதாகத் தயாரிப்பாளர் சொன்னார். அந்த 2 பாயிண்ட் என்றால் என்ன?

தியேட்டரின் சத்தத்தை நடத்தும் டால்பி பிராசஸரில் ஃபேடர், அதாவது வால்யூம் அளவு, 0 முதல் 10 வரை. 7 வைத்தால் ரெஃபரன்ஸ், வசனம், இசை எல்லாவற்றையும் கலக்கும் மிக்ஸிங் தியேட்டரில் கேட்ட அதே அளவு. 4க்கு மேலே ஒவ்வொரு பாயிண்ட்டும் மூன்றேகால் டெசிபல் சொச்சம். 7லிருந்து 5க்கு வந்தால் ஏறக்குறைய 6.7 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினால் காதுக்குப் பாதி சத்தம் என்று கணக்கு, ஆக 2 பாயிண்ட் சின்ன விஷயமில்லை. 4க்குக் கீழே போனாலோ ஒரு பாயிண்ட்டுக்கு 20 டெசிபல். 3.5 வைத்தால் படம் படுத்துவிடும்.

சிக்கல் எங்கே என்றால், ஃபேடர் எல்லாவற்றையும் சேர்த்தே இறக்கும். கத்தலும் இறங்கும், கிசுகிசுப்பும் இறங்கும். இசைக்கும் வசனத்துக்கும் நடுவில் உள்ள விகிதம் மிக்ஸிங்கில் முடிந்துபோன சங்கதி, தியேட்டர்க்காரர் அதைத் தொட முடியாது. ரெஃபரன்ஸில் திரைக்குப் பின்னால் உள்ள ஒரு சேனல் மட்டும் உச்சத்தில் 105 டெசிபல் வரை போகலாம். அந்த இடம் எப்போதாவது ஒரு வெடிக்காக விட்டுவைத்தது. ரெண்டரை மணி நேரமும் அங்கேயே குடியிருந்தால் காது வலிக்கத்தான் செய்யும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான் காதுக்குப் பாதுகாப்பு என்பது தொழிற்சாலைக் கணக்கு.

எது யார் குற்றம் என்று பார்க்க, ரெண்டு பேர் பேசும் அமைதியான காட்சி ஒன்று வேண்டும், பின்னணி இசை இல்லாமல். அங்கே வசனம் தெளிவாக இருந்து, இசை ஏறியதும் முங்கினால் மிக்ஸ் குறை. இசையமைப்பாளர், ஒலிக்கலவை, இயக்குநர் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அந்த அமைதியிலேயே "ச"வும் "ஸ"வும் மழுங்கி, வாயில் துணியை வைத்துப் பேசுவதுபோல் இருந்தால் திரைக்குப் பின்னால் நடு ஸ்பீக்கரில் மேல் ஸ்தாயி டிரைவர் போயிருக்கிறது. வசனம் பெரும்பாலும் அந்த ஒரே ஸ்பீக்கரில்தான் வருகிறது. சுற்றிலும் எத்தனை ஸ்பீக்கர் இருந்தும் பிரயோஜனமில்லை.

இதைவிட அடிக்கடி நடப்பது: விளம்பரமும் டிரெய்லரும் அலறும், யாராவது புகார் சொல்வார்கள், ஆபரேட்டர் 4.5க்கு இறக்குவார், படம் ஆரம்பித்த பிறகு ஏற்ற மறப்பார். படம் முழுக்க "வசனமே கேக்கல". ஃபேடர் எத்தனையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பதில் சொல்லத் தெரிந்த தியேட்டர் நல்ல தியேட்டர்.

தூத்துக்குடி டிக்கெட்:
சார், உதடு ஒட்டாத பிரச்சினை? பான் இந்தியா படம் என்றாலே அது வருதே.

சவுண்டு பார்ட்டி:
அதிலும் ரெண்டு வகை உண்டு. படம் முழுக்க, எல்லா நடிகருக்கும், கதவு சாத்தும் சத்தம் உட்பட ஒரே அளவு தள்ளிப்போனால் தியேட்டரில் ஒலியைப் படத்தோடு ஒட்டவைக்கும் டிலே அமைப்பு தவறு. சிலருக்கு மட்டும், அதுவும் குளோசப்பில் மட்டும் ஒட்டவில்லை என்றால் டப்பிங். தெலுங்கில் பேசி நடித்ததற்குத் தமிழ் எழுதும்போது "ப", "ம" மாதிரி உதடு மூடும் எழுத்து அதே இடத்தில் விழ வேண்டும், அவசரத்தில் எழுதினால் அது தவறும். கடைசி வரிசையில் இருப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வையுங்கள்: ஒலி 25 மீட்டர் கடந்து வர 73 மில்லி செகண்ட், கிட்டத்தட்ட ரெண்டு ஃப்ரேம். பெரிய அரங்கில் அந்தப் பிசகு இயற்கையே.

ரீல் கணக்கு:
நீங்கள் எல்லாம் திரையையும் ஸ்பீக்கரையும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்த்தது எந்த வெட்டு (எடிட் செய்த வடிவம்) என்று யாரும் சொல்வதில்லை. இந்தியன் 2 முதலில் 3 மணி நேரம். 2024 ஜூலை 12 வெளியாகி, சில நாளில் 12 நிமிடத்தைக் கழற்றினார்கள். முதல் நாள் பார்த்தவர் "இழுவை" என்றதும் அடுத்த வாரம் பார்த்தவர் "அப்படி ஒன்றும் இல்லையே" என்றதும் வேறு வேறு படத்தைப் பற்றி.

வெட்டியதும் எல்லாத் திரையிலும் ஒரே நேரத்தில் மாறிவிடாது. டிஜிட்டல் பிரதி இன்னும் ரீல் ரீலாகத்தான் அடுக்கியிருக்கும், எந்த ரீலுக்குப் பின் எது என்று சொல்லும் பட்டியல் ஃபைல் தனி. வெட்டு என்றால் புதுப் பட்டியலும் மாறிய ரீல்களும் வரும். அதற்குப் படத்தின் டிஜிட்டல் பூட்டைத் திறக்கும் புது கேடிஎம் சாவி வேண்டும், ஏனென்றால் சாவி ஒரு குறிப்பிட்ட பட்டியலுக்கும், ஒரு குறிப்பிட்ட சர்வருக்கும், இந்த நாள் முதல் இந்த நாள் வரை என்ற நேரத்துக்கும் கட்டுப்பட்டது. சாவி வந்து சேராத திரையில் பழைய நீளமே ஓடும். அதனால் படம் தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து, இடைவேளையைக் கழித்துப் பாருங்கள். தொடக்கத்தில் காட்டும் சான்றிதழில் நிமிடக் கணக்கு இருக்கிறது, ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

கேரளாவில் சில பெரிய தமிழ்ப் படங்கள் அதிகாலை 4 மணிக்கே ஓடத் தொடங்கும். இங்கே 9 மணிக் காட்சிக்குள் "முதல் பாதி சுமார்" என்று செய்தி வந்துவிடும். முதல் பாதியை மட்டும் வைத்துச் சொன்ன கருத்து, அவ்வளவுதான் அதன் மதிப்பு.

மேட்னி ரசிகன்:
நீளம் பற்றி ஒரு வார்த்தை. "ரெண்டாம் பாதி லேக்" என்று மட்டும் எழுதினால் எடிட்டருக்குக்கூட உதவாது. எந்தக் காட்சி, ஏற்கெனவே தெரிந்த விஷயத்தை அது எத்தனாவது முறை சொல்கிறது, அதை எடுத்தால் பின்னால் எது நிற்காது? இதைச் சொன்னால் கருத்து. மற்றதெல்லாம் கொட்டாவி.

தூத்துக்குடி டிக்கெட்:
நாலு வாரத்தில் ஓடிடி வந்துவிடுகிறது, அங்கே பார்த்துச் சரிபார்க்கலாமா?

சவுண்டு பார்ட்டி:
வசனத்துக்குச் சரிபார்க்கலாம், ஆனால் ஜாக்கிரதை. ஓடிடிக்குப் பெரும்பாலும் தனி மிக்ஸ் போடுவார்கள். நெட்ஃபிளிக்ஸ் வசனத்தின் சராசரி அளவை மைனஸ் 27 LKFSல் (ஒலி அளவுக்கான அலகு) நிறுத்தச் சொல்கிறது, ரெண்டு புள்ளி கூடக் குறைய இருக்கலாம். தியேட்டரில் முங்கியது அங்கே மேலே வந்திருக்கும், அதை வைத்து "தியேட்டர்தான் மோசம்" என்று தீர்ப்பு எழுத முடியாது. உங்கள் டிவியில் வெறும் ரெண்டு ஸ்பீக்கர் என்றால் ஆப்பில் 5.1ஐ (சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்தவர்களுக்கான ஒலி) விட்டு ஸ்டீரியோ எடுங்கள். டிவி தானாகக் கலக்கும்போதுதான் வசனம் மறுபடி அடியில் போகிறது.

கேபின் ஜன்னல்:
டிவியில் மோஷன் ஸ்மூத்திங்கையும் அணையுங்கள். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, பெயர்தான் வேறு. 24 ஃப்ரேம் படத்தில் நடுவில் இல்லாத ஃப்ரேமை அது செய்து சொருகும். கோடி கோடியாகப் போட்ட செட் அத்தனையும் மெகா சீரியல் வீடு மாதிரி ஆகிவிடும். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைப் போட்டுவிட்டு, அறை விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள்.