ஒல்லி கேமிங் லேப்டாப்பை டேலிக்கும் வைத்துக்கொள்ளலாமா? மாற்ற பத்து நாள்தான் இருக்கிறது

செங்கை_லோக்கல்:

வணக்கம். ஆறு வருடம் உழைத்த என் பழைய லேப்டாப் போன மாதம் கண்ணை மூடிவிட்டது. அதற்குப் பதிலாக முந்தாநாள் ஒரு 14 அங்குல கேமிங் லேப்டாப் வாங்கினேன். ரைசன் 9 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, 16 ஜிபி ராம், 73 வாட் ஹவர் பேட்டரி. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். தெரிந்த கடை என்பதால், டப்பாவும் பில்லும் பத்திரமாக இருந்தால் பத்து நாளுக்குள் வேறு மாடல் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

என் பிழைப்பு இதுதான்: காலையில் செங்கல்பட்டில் எலக்ட்ரிக் டிரெயின் ஏறினால் கிண்டி வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உட்கார இடம் கிடைத்தால் பிடிஎஃப் படிப்பேன். ஆபீஸில் கணக்கு எழுத டேலி, எக்செல், பிரவுசரில் முப்பது டேப். ராத்திரி ஒரு மணி நேரம் வேலரண்ட் கேம். சனி, ஞாயிறு ஒரு நண்பனுக்காகக் கல்யாண வீடியோ எடிட்டிங், டாவின்சி ரிசால்வில், 4கே.

முதல் நாளே இரண்டு விஷயம் உறுத்தியது. டிரெயினில் 70 நிமிடம் பிடிஎஃப் மட்டும்தான் திறந்திருந்தேன், பேட்டரி 31 சதவீதம் இறங்கிவிட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையில் கையை விட்டால், இட்லிப் பாத்திரத்தைத் தொட்ட மாதிரி சூடு. மூடித்தான் வைத்திருந்தேன்! ஆபீஸில் எக்செல் ஓடும்போதே ஃபேன் சத்தம் வேறு. பக்கத்து சீட் அக்கா, "என்ன தம்பி, சட்னி அரைக்கிறியா?" என்கிறார்.

யூடியூபில் எல்லோரும் எந்த கேமுக்கு எத்தனை எஃப்பிஎஸ் (விநாடிக்கு எத்தனை ஃபிரேம்) என்றுதான் காட்டுகிறார்கள். டேலி ஓட்டிக் காட்டியவர் ஒருவரும் இல்லை. இந்தப் பத்து நாளில் நான் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

மூலைமேசை:

சகோ, கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். அதே காசில் வீட்டுக்கு ஒரு டெஸ்க்டாப், ஆபீஸுக்கு ஒரு சாதாரண லேப்டாப் வாங்கலாம். 4060 என்ற பேர் ஒன்றுதான், ஆனால் லேப்டாப் 4060-க்கு அதைத் தயாரிக்கும் என்விடியாவே 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை இடம் கொடுத்திருக்கிறது. எத்தனை வாட் என்பது கம்பெனி வைப்பதுதான். ஒல்லி உடம்பில் முழு 115-ஐ எதிர்பார்க்காதீர்கள். டெஸ்க்டாப் என்றால் நாளைக்கு ராமும் போடலாம், கார்டும் மாற்றலாம்.

பவானி_ஜமுக்காளம்:

மூலைமேசை சொல்வது கணக்குக்குச் சரி, ஆனால் இரண்டு மெஷினில் ஃபைலை இழுத்துக்கொண்டு அலைந்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தலைவலி தெரியும். நான் இன்டீரியர் டிசைன் செய்கிறேன். ஸ்கெட்ச்அப், பிளெண்டர் எல்லாம் உண்டு. அப்பாவின் ஜமுக்காளக் கடைக் கணக்கை டேலியில் போடுவதும் நான்தான். இரண்டு வருடமாக ஒரே ஒல்லி கேமிங் லேப்டாப்பில் இரண்டையும் ஓட்டுகிறேன். (கம்பெனி பேர் வேண்டாம், சண்டை வரும்.)

முதலில் அந்த 31 சதவீதம். 73 வாட் ஹவரில் 31 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 22 அல்லது 23 வாட் ஹவர். 70 நிமிடத்தில் அவ்வளவு போயிருந்தால் சராசரியாக 19 வாட் இழுத்திருக்கிறது. பிடிஎஃப் படிக்க என் மெஷின் எட்டிலிருந்து பத்து வாட்டுக்குள்தான் இழுக்கும். ஆக உங்களுடையதில் என்விடியா தூங்கவே இல்லை.

இந்த மெஷின்களில் கிராஃபிக்ஸ் இரண்டு. பிராசஸருக்குள்ளேயே ஒரு சின்னது, தனியாக என்விடியா ஒன்று. சாதாரண வேலைக்குச் சின்னது போதும், பெரியது முழுசாக அணைந்துவிட வேண்டும். ஏதாவது ஒரு புரோகிராம் அதைத் தட்டி எழுப்பிக்கொண்டே இருந்தால் சும்மா இருக்கும்போதே பத்து வாட் கூடப் போகும், ஃபேனும் சுற்றும். எனக்கு அந்தத் திருடன் ஒரு அசையும் வால்பேப்பர். மூன்று மாதம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அதுவரை கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என்விடியா கன்ட்ரோல் பேனலில் டெஸ்க்டாப் மெனுவுக்குள், ஜிபியு ஆக்டிவிட்டி ஐகானைக் காட்டு என்று ஒரு வரி இருக்கும். அதை டிக் செய்தால் கடிகாரம் பக்கத்தில் சின்னதாக ஒரு படம் வரும். கலர் தெரிந்தால் பெரியது விழித்திருக்கிறது. அதைக் கிளிக் செய்தால் எழுப்பியது யார் என்று பேரோடு காட்டும். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் டிஸ்பிளே, கிராஃபிக்ஸ் போய் அந்த புரோகிராமைப் பவர் சேவிங்கில் தள்ளிவிடுங்கள். ஆபீஸில் பெரிய மானிட்டர் மாட்டுகிறீர்களா? பல மாடல்களில் எச்டிஎம்ஐ துளை நேராக என்விடியாவோடு இணைந்திருக்கும். கேபிள் செருகிய நிமிடத்திலிருந்து அது தூங்காது. உங்கள் எக்செல் சட்னிக்கு அதுகூடக் காரணமாக இருக்கலாம். டைப்-சி வழியாக மாட்டிப் பாருங்கள், சில மாடல்களில் அந்தத் துளை சின்னதோடு இணைந்திருக்கும்.

பைக்குள் சூடு வேறு கதை. இப்போது வருகிற லேப்டாப்கள் பெரும்பாலும் மூடினால் முழுசாகத் தூங்குவதில்லை. ஃபோன் மாதிரி அரைக்கண் விழிப்பில் இருந்து மெயில் பார்க்கும், அப்டேட் இறக்கும். காற்றுப் போகாத பைக்குள் அது நடந்தால் சூடாகாமல் என்ன செய்யும்? மூடியை மூடினால் ஹைபர்னேட் (திறந்திருந்ததைச் சேமித்துவிட்டு முழுசாக அணைவது) என்று மாற்றிவிடுங்கள். திறக்கும்போது பத்து, பதினைந்து விநாடி கூடும், பரவாயில்லை.

பேட்டரியில் ஓடும்போது ஸ்கிரீனை 60 ஹெர்ட்ஸுக்கு (விநாடிக்கு 60 முறை படம் மாறும் வேகம்) இறக்குங்கள். ஆபீஸில் சைலன்ட் மோட். நாள் முழுக்க சார்ஜரிலேயே இருந்தால் 80 சதவீதத்தோடு நிறுத்தும் செட்டிங்கைப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். பத்து நாளை இதில் வீணாக்காதீர்கள். செட்டிங்கால் மாறாதது எதுவோ, அதைச் சோதியுங்கள்.

முதலாவது ராம். இந்த ஒல்லி மாடல்களில் பலவற்றில் ராமை போர்டிலேயே சால்டர் செய்துவிடுகிறார்கள், பிறகு கூட்டவே முடியாது. அந்த 16-லும் சின்ன கிராஃபிக்ஸ் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். உங்கள் கல்யாண வீடியோவில் கனமான ஒன்றை, இருட்டில் எடுத்த ரிசப்ஷன் மாதிரி ஏதாவது, முழு டைம்லைனோடு திறந்து, பின்னால் முப்பது டேபையும் விட்டுவிட்டு, டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். 15-ஐத் தொட்டால் யோசிக்கவே வேண்டாம், 32-க்கு மாற்றுங்கள்.

இரண்டாவது கீபோர்டு. 14 அங்குலத்தில் நம்பர் பேட் கிடையாது. டேலியில் நாளைக்கு நூறு வவுச்சர் போடுகிறவருக்கு அது கை ஒடிந்த மாதிரி. எஃப்5 பேமென்ட், எஃப்6 ரசீது, எஃப்8 சேல்ஸ் என்று விரல் தானாகப் போகும். இங்கே எஃப்5-ஐத் தட்டினால் ஃபேன் மோட் மாறும், எஃப்8-ஐத் தட்டினால் வெளிச்சம் ஏறும். இந்த எஃப் பட்டன்களைப் பழையபடி வேலை செய்ய வைக்கும் எஃப்என் லாக் எங்கே இருக்கிறது என்று முதல் நாளே தேடிக்கொள்ளுங்கள். நான் யுஎஸ்பி நம்பர் பேட் ஒன்று வாங்கி இடது கைப் பக்கம் வைத்திருக்கிறேன். முதல் வாரம் எல்லாம் தப்பு எண்ட்ரி. இப்போது வலது கை மவுஸை விடுவதே இல்லை.

மூன்றாவது சார்ஜர். கூட வரும் செங்கல்லையும் பையில் போட்டுத் தோளில் மாட்டி, செங்கல்பட்டு ஸ்டேஷன் படி ஏறி இறங்குங்கள். பிறகு ஒன்றரைக் கிலோ என்ற பேச்சே வராது. டைப்-சி துளை சார்ஜ் ஏற்றுக்கொள்ளும் மாடலாக இருந்தால் 100 வாட் பிடி (பவர் டெலிவரி) சார்ஜர் ஒன்றை ஆபீஸிலேயே போட்டுவிடுங்கள். டேலிக்கு அது தாராளம். கேம் ஆடினால் மட்டும் போதாது, மீதியைப் பேட்டரியிலிருந்து உறிஞ்சும்.

ரிச்சி_தெரு_டெஸ்டர்:

மேலே அக்கா சொன்னது எல்லாம் சரி. பதினோரு வருடமாகப் போர்டு வேலை பார்க்கிறேன், என் பங்குக்கு மூன்று.

ஒன்று, ரிவ்யூக்காரர்கள் ஏசி அறையில் டெஸ்ட் செய்கிறார்கள். வெளிக்காற்று பத்து டிகிரி ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும். பிராசஸர் தன் எல்லையைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் ஏசி இல்லாத அறையில், மத்தியானம் இரண்டு மணிக்கு அரைமணி நேரம் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக்குவது) போட்டுப் பாருங்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள், காற்றை இழுப்பது அடிப்பக்கம்.

இரண்டு, சில மாடல்களில் பிராசஸர் மேல் சூட்டைக் கடத்தும் பேஸ்ட்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் இருக்கும். அதில் கேலியம் இருக்கிறது, கரண்ட் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். தூசி தட்டுகிறேன் என்று ஹீட்சிங்க்கைக் கழற்றிய தம்பிகள் போர்டோடு என் கடைக்கு வருவார்கள். ஃபேன் தூசியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று, மெட்டல் பாடி என்றால், சார்ஜ் போட்டபடி முழங்கையை ஓரத்தில் உரசிப் பாருங்கள். சுருசுரு என்று எறும்பு ஊருகிற மாதிரி இருந்தால், டெஸ்டரை பாடியில் வைத்தால் லேசாக எரிந்தால், லேப்டாப்பைக் குறை சொல்லாதீர்கள். சார்ஜருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் கசியவிடும் துளிக் கரண்ட் அது. எர்த் வழியாகப் போக வேண்டியது, எர்த் இல்லாததால் உங்கள் வழியாகப் போகிறது. மூன்று பின்னை இரண்டாக்கும் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

செங்கை_லோக்கல்:

ஏழாம் நாள். எல்லோருக்கும் நன்றி, வரிசையாகச் சொல்கிறேன்.

என்விடியாவை எழுப்பிய ஆள் பிடிஎஃப் ரீடரேதான்! ஐகானில் பேர் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. பவர் சேவிங்கில் தள்ளி, 60 ஹெர்ட்ஸ் போட்டு, அதே டிரெயின், அதே 70 நிமிடம்: 13 சதவீதம். ஹைபர்னேட் போட்ட பிறகு பை சில்லென்று இருக்கிறது. ஆபீஸில் மானிட்டரை டைப்-சிக்கு மாற்றினேன். அக்கா நேற்று, "சட்னி முடிஞ்சுதா?" என்று கேட்டார்.

ராம்தான் தேறவில்லை. ரிசப்ஷன் வீடியோவைத் திறந்து நாய்ஸ் ரிடக்ஷன் போட்டதும் 15.2-க்குப் போய், டைம்லைன் உறைந்துவிட்டது. ஒரே மாடலில் 32 ஜிபி கடையில் இல்லை, வித்தியாசத்தைக் கட்டினால் நான்கு நாளில் வரவழைத்துத் தருகிறேன் என்கிறார். கட்டிவிட்டேன். நம்பர் பேடும் வாங்கியாயிற்று, ஆனால் இடது கைக்கு இன்னும் பழகவில்லை. நேற்று 4,500-ஐ 1,200 என்று அடித்துவிட்டேன்.

மூலைமேசை அண்ணா, ஒல்லி உடம்பில் முழு வேகத்தை எதிர்பார்க்காதே என்றீர்களே, மத்தியான ரெண்டரில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். காலையில் 14 நிமிடத்தில் முடிந்தது மத்தியானம் 17 ஆனது. எனக்கு அது பரவாயில்லை.

அப்புறம் ரிச்சி தெரு அண்ணா சொன்ன எறும்பு. கூடத்துப் பிளக்கில் போட்டால் ஊருகிறது, சமையலறைப் பிளக்கில் ஊரவில்லை. எலக்ட்ரீஷியன் வந்து பிளக் பெட்டியைத் திறந்தால் எர்த் ஒயர் எதிலும் சேராமல் சும்மா தொங்குகிறது. "இத்தனை வருஷமா ஃப்ரிட்ஜும் இதே லைன்லதானே ஓடுது?" என்று அப்பா கேட்டார். ஞாயிற்றுக்கிழமை வீடு முழுக்க எல்லாப் பிளக்கையும் கழற்றிப் பார்க்கப் போகிறார்கள்.